உள்வளைவில் வருபவன்

கோயம்புத்தூர் பந்தயம் முடிந்து, வேலூரில் பஸ் மாறி, சுகாசினி காஞ்சிபுரத்தில் இறங்கியபோது வெயில் நன்றாக ஏறிவிட்டிருந்தது. முதுகில் கேமரா மூட்டை, தோளில் நீள லென்ஸ் வைத்த பை. மோட்டார் சைக்கிள் பந்தயங்களைப் படமெடுப்பதுதான் அவள் பிழைப்பு. இந்த வாரம் கோவை, அடுத்த வாரம் ஸ்ரீபெரும்புதூர், அதற்கப்புறம் புனேயோ டெல்லிப் பக்கமோ. டயர்ச் சுவர்களுக்குப் பின்னால் நாள் முழுக்க முட்டி போட்டு நின்றதில் கழுத்தின் பின்பக்கத் தோல் மட்டும் கருகிப் போயிருந்தது.

ஷேர் ஆட்டோ பிடித்துப் பிள்ளையார்பாளையம் வந்தாள். தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். அரக்குப் பட்டு நூல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெயிலில் மின்னியது. நூலில் படாமல் ஓரமாக ஒதுங்கி நடந்து, பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டின் முன் நின்றாள்.

குமரகுரு இறந்த பிறகு இந்த வீட்டுக்கு அவள் வரவேயில்லை.

தெருவின் மற்ற வீடுகளைப் போல இதுவும் ஒடுங்கி நீண்ட வீடு. நடையைத் தாண்டினால் தறிக்கூடம். குமரகுருவின் அண்ணன் பக்கத்து வீட்டை வாங்கித் தறிகளை அங்கே கொண்டுபோய்விட்டார். காலியான கூடத்தில் தம்பி தன் பந்தய பைக்குகளை நிறுத்திக்கொண்டான். தறிக்குழியை மூடவில்லை. பைக்கைக் குழிக்கு மேல் பலகையில் ஏற்றி, உள்ளே இறங்கி நின்று அடிப்பக்கம் வேலை பார்க்க அது வசதியாக இருந்தது. அதனால் அந்தக் கூடத்தில் எப்போதும் பட்டு வாசனைக்கு மேல் பெட்ரோல் வாசனை படிந்திருக்கும்.

மெக்கானிக் சிட்டிபாபு குழிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி அவளைப் பார்த்தார். ஐம்பது வயதுக்காரர். குமரகுரு பந்தயம் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அவனுடன் இருந்தவர். கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார்.

பொன்னி பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். தாமல் ஏரிக்கரையில் அப்பாவின் வண்டியில் பால் கேன் கட்டிக்கொண்டு ஓட்டிப் பழகிய பெண். ஒருநாள் நெடுஞ்சாலையில் குமரகுருவை முந்திப் போனாள். அவன் துரத்திப் போய் நிறுத்தி, பந்தயம் ஓட வருகிறாயா என்று கேட்டான். அவன் போன பிறகு அவனுடைய பைக், அவனுடைய அணி, அவனுக்குப் பணம் கொடுத்த ஆயில் கம்பெனி எல்லாம் அவளிடம் வந்துவிட்டன. அந்தக் கம்பெனிக்குப் பொன்னியின் படங்கள் வேண்டுமாம். குமரகுருவை எடுத்த அதே ஆள்தான் எடுக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் நேராக விழுந்துகொண்டிருந்தது. பொன்னியைத் தறிக்குழியின் ஓரமாக, சுண்ணாம்புச் சுவரின் முன்னால் நிற்கச் சொல்லிவிட்டுச் சுகாசினி கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

இந்தக் காலத்துக் கேமராக்களில் ஒரு பச்சைக் கட்டம் உண்டு. எதிரில் ஒரு முகம் இருந்தால் அது தானே தேடிப்போய் அதன் மேல் உட்காரும். பைக் ஓட்டி வருபவராக இருந்தால் ஹெல்மெட்டின் மேல் உட்காரும். எங்கே கட்டம் உட்காருகிறதோ அங்கே படம் துல்லியமாக விழும்.

கட்டம் பொன்னியின் முகத்தில் உட்கார்ந்தது. சுகாசினியின் விரல் அழுத்தப் போனபோது அது நகர்ந்தது. பொன்னிக்கு வலது பக்கம், குழியின் மறு ஓரத்தில், வெறும் சுவரின் மேல் போய் நின்றது.

லென்ஸைத் துடைத்தாள். கேமராவை அணைத்துப் போட்டாள். கட்டம் பொன்னியின் மேல் வந்தது. மறுபடி நகர்ந்து அதே சுவருக்குப் போனது. ஒரு ஆண்பிள்ளையின் தலை இருக்கக்கூடிய உயரம். கட்டம் சும்மா நிற்கவில்லை. மூச்சு விடுகிற முகத்தின் மேல் இருப்பதுபோல மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டில் தறிகள் தடக் தடக் என்று ஓடிக்கொண்டிருந்தன.

கட்டம் கொஞ்சம் பெரிதாயிற்று.

சுகாசினி இமைக்காமல் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பெரிதாயிற்று. முகம் கேமராவுக்குக் கிட்டே வந்தால்தான் கட்டம் பெரிதாகும். வேறு எதற்கும் ஆகாது.

கேமராவை இறக்கினாள். எதிரில் பொன்னியும் சுவரும் மட்டும் இருந்தன. ஆனால் வியர்வையில் நனைந்த விபூதியின் வாசனை வந்தது. அதோடு பெட்ரோல். ஹெல்மெட் போடும் முன்னால் நெற்றி நிறையப் பட்டை இட்டுக்கொள்கிற ஒருவனைத்தான் அவளுக்குத் தெரியும்.

“அக்கா, ஃபேன் போடலாமா?” என்றாள் பொன்னி. கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “ஒரு பக்கம் மட்டும் சூடா இருக்குது.”

அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் பொன்னி கலங்கலாக விழுந்திருந்தாள். பின்னால் இருந்த சுவர் துல்லியமாக இருந்தது. சுண்ணாம்பின் வெடிப்புகளைக்கூட எண்ணிவிடலாம்.

கேமராவில்தான் கோளாறு என்று சுகாசினி சொன்னாள். அப்படித்தான் தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

குமரகுருவுக்கும் அவளுக்கும் இடையில் இருந்ததை யாரும் காதல் என்று சொன்னதில்லை. அவர்களும் சொன்னதில்லை. ஆனால் அவள் படம் எடுக்கிற வளைவில் அவன் மற்ற இடங்களைவிட இன்னும் சாய்வான். பந்தயம் முடிந்ததும் கோப்பையைச் சிட்டிபாபுவிடம் கொடுத்துவிட்டு நேராக அவளிடம் வருவான். கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்ப்பான். தன் படத்தைப் பார்க்கத்தான் என்று முதலில் அவள் நினைத்தாள். பிறகுதான் தெரிந்தது, வேறு யாரை எடுத்திருக்கிறாள் என்று தேடுகிறான். இன்னொருவனின் படம் நன்றாக இருந்தால் அன்று முழுக்கப் பேச மாட்டான். ஒருமுறை அப்படி ஒரு படத்தை அவள் கண்ணெதிரே அழித்துவிட்டு, கை பட்டுவிட்டது என்றான்.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊர் ஊராகப் போய் எடுக்கிற படங்களை யார் எடுத்தார்கள் என்றுகூட யாரும் பார்க்காத தொழில் அது. ஒருவன் அவள் கண்ணுக்காக இப்படி வயிறெரிவது அவளுக்கு உள்ளூர இனித்தது.

“நீ பாத்தாதான் நான் ஓட்டினேன்னு எனக்கே தோணுது, சுகா. இன்னொருத்தன நீ பாக்கும்போது நான் டிராக்லயே இல்லாத மாதிரி ஆயிடுது” என்று ஒருநாள் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

வேறொரு மாநிலத்தில் நடந்த ஒரு பயிற்சி நாளில் அவன் விழுந்து இறந்தான். அன்று அவள் அங்கே இல்லை. நல்ல சம்பளத்துக்கு இன்னொரு வீரனைப் படமெடுக்கப் புனே போயிருந்தாள்.

ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் வெள்ளிக்கிழமை பயிற்சி. சிட்டிபாபு வேனில் பைக்கை ஏற்றிக்கொண்டு வந்தார். சுகாசினி தனக்குப் பழகிய இடத்தில், இடது பக்கம் திரும்பும் ஒரு நீண்ட வளைவின் எதிரே, டயர்ச் சுவருக்குப் பின்னால் போய் நின்றாள். காதில் பஞ்சு. தலையில் ஈரத் துண்டு.

பைக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. பச்சைக் கட்டம் ஒவ்வொரு ஹெல்மெட்டையும் கச்சிதமாகப் பிடித்தது. கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. அவளுக்கு மூச்சு லேசானது.

பிறகு பொன்னி வந்தாள்.

கட்டம் அவளைப் பிடித்தது, விட்டது. அவளுக்கும் வளைவின் உள்ளோரத்துக்கும் நடுவில் இருந்த வெறும் தார் ரோட்டில் போய் உட்கார்ந்தது. பொன்னியின் வேகத்திலேயே அவளுடன் கூடவே வந்தது. சாய்வில் தாழ்ந்தது. வளைவு முடிந்ததும் நிமிர்ந்தது.

அந்த இடத்தில் யாரும் இல்லை.

அடுத்த சுற்றிலும் அப்படியே. அதற்கடுத்த சுற்றில் பொன்னி வளைவின் நடுவில் தலையை இடது பக்கம் திருப்பிப் பார்த்தாள். அந்த வேகத்தில் யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். பைக் வெளியே ஒதுங்கியது. பின்சக்கரம் ஓரத்துச் சிவப்பு வெள்ளைக் கட்டையில் ஏறித் துள்ளியது. சுகாசினி கேமராவை இறக்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த சுற்றுகளில் பொன்னி ஒழுங்காகப் போனாள்.

பயிற்சி முடிந்ததும் பொன்னி தண்ணீர் பாட்டிலோடு அவளைத் தேடி வந்தாள். பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“அக்கா, நீ நிக்கிற கார்னர்ல எனக்கு உள்பக்கமா யாரோ வராங்க.”

“யாரு?”

“திரும்பினா ஆள் இல்ல. சைலன்சர் சத்தம் கேக்குது. என் வண்டிச் சத்தமேதான், ஆனா ரெண்டா கேக்குது. முட்டிக்கு முட்டி வெச்சுத் தள்ற மாதிரி வராங்க.” சற்று நிறுத்தினாள். “மத்த கார்னர்ல இல்ல. நீ கேமராவ எறக்கின அப்பறம் அங்கயும் இல்ல.”

அன்று சாயங்காலம் தறிக்கூடத்தில் சுகாசினி எல்லாவற்றையும் சிட்டிபாபுவிடம் சொன்னாள். படங்களையும் காட்டினாள். அவர் ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தார். திடுக்கிடவில்லை. அவன் போன நாளைப் பற்றி அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். அன்று காலையில் குமரகுரு வளைவில் அவளைத் தேடியிருக்கிறான். காணவில்லை என்றதும் அணிகள் வண்டி நிறுத்தும் பிட்டுக்குத் திரும்பி வந்து, யாரை எடுக்கப் போயிருக்கிறாள் என்று கேட்டிருக்கிறான். சிட்டிபாபு பெயரைச் சொல்லிவிட்டார். ஹெல்மெட் கண்ணாடியைக்கூட மூடாமல் அவன் மறுபடி வெளியே போயிருக்கிறான். விழுந்த இடத்தில் ரோடு நன்றாகத்தான் இருந்ததாம். வண்டியிலும் ஒரு குறையும் இல்லையாம்.

“யாரையும் கெடுக்கணும்னு நெனைக்கிற புள்ள கெடையாதும்மா அவன்” என்றார். “உன் கண்ணுல இன்னொருத்தர் இருக்கிறத அவனால தாங்க முடியல. உசுரோட இருக்கும்போதே முடியல.”

பொன்னியை இனிப் படமெடுப்பதில்லை என்று அங்கேயே முடிவாயிற்று. கம்பெனிக்கு வேறு ஆளை ஏற்பாடு செய்தார்கள். பாலாஜி என்று ஒருவன், இந்தத் தொழிலுக்கு வந்து இரண்டு சீசன்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை சுகாசினி கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு வேலியோரம் நின்றாள். அவளுடைய வளைவில், அவளுடைய டயர்ச் சுவருக்குப் பின்னால், பாலாஜி நின்றான். பொன்னி எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் ஓட்டினாள். மறுநாள் பந்தயத்துக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. சுகாசினிக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி மத்தியானம் வரைக்கும்தான் இருந்தது. பாலாஜி எடுத்த ஒரு படத்தை அணி இணையத்தில் போட்டது. பொன்னி வளைவில் சாய்ந்து வருகிறாள். ரப்பர் பொடி பறக்கிறது. கண்ணாடிக்குள் அவள் கண் தெரிகிறது. பிட்டில் எல்லோரும் போனைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். சுகாசினியிடமும் நீட்டினார்கள்.

நல்ல படம் என்றாள்.

அந்த வெளிச்சம் எப்போது அந்த வளைவில் விழும் என்று கண்டுபிடித்தவள் அவள். அந்த உயரத்தில் முட்டி போட வேண்டும் என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். பொன்னி பாலாஜியின் தோளில் கை வைத்துத் திரையை எட்டிப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டதும் அடிவயிற்றில் தணல் வைத்தது போலிருந்தது. அந்தப் படம் அழிந்து போகட்டும் என்று நினைத்தாள். பாலாஜியின் கேமரா கீழே விழுந்து உடைய வேண்டும் என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான், இது யாருடைய நினைப்பு என்று அவளுக்குச் சுரீர் என்றது.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் பிற்பகலில். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. ரோட்டின் மேல் அனல் நீர் போல நெளிந்தது. பாலாஜி வெற்றிக் கோட்டுப் பக்கம் போய்விட்டான். அந்த நீண்ட வளைவில் படம் எடுப்பவர் யாரும் இல்லை.

சுகாசினி சும்மா பார்க்கத்தான் அங்கே போனாள். பை தோளில் இருந்தது.

முதல் சுற்றுகளில் பொன்னி மூன்றாவதாக வந்தாள். பிறகு இரண்டாவது. குமரகுரு கற்றுக்கொடுத்த அதே சாய்வு, அதே தோள். ஆனால் அவனிடம் இல்லாத ஒன்றும் இருந்தது. அவள் யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படாமல் ஓட்டினாள். அதை இதுவரை யாரும் படமாக்கவில்லை. பாலாஜிக்கு அது தெரியாது, தெரியவும் போவதில்லை. ஒரே ஒரு படம். ஒரு சுற்று. அதற்குள் என்ன ஆகிவிடும்?

கேமரா எப்போது கைக்கு வந்தது என்று பின்னால் யோசித்தபோது அவளுக்கு நினைவில்லை.

பொன்னி வளைவுக்குள் வந்தாள். கட்டம் அவள் மேல் உட்கார்ந்தது. சுகாசினி அழுத்தினாள்.

கட்டம் உள்ளே தாவியது.

இம்முறை அங்கே வெறும் ரோடு இல்லை.

அனல் நெளிவதற்குள் இன்னொரு நெளிவு இருந்தது. முதலில் குமரகுருவின் பந்தய உடுப்பின் சிவப்பு நிறம். பிறகு தோள். பிறகு சாய்ந்த பைக்கின் முன்சக்கரம். லென்ஸ் வழியாகத்தான் அது தெரிந்தது. பொன்னியின் முட்டியோடு முட்டி உரச வந்துகொண்டிருந்தான். சாய்ந்திருப்பவனின் கழுத்து வளைவு போகிற பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அவனுடைய கழுத்து சுகாசினியின் பக்கம் முழுதாகத் திரும்பியிருந்தது. ரோட்டை அவன் பார்க்கவே இல்லை. ஹெல்மெட் கண்ணாடி திறந்திருந்தது. உள்ளே இருட்டு. இருட்டில் மூன்று வெள்ளைப் பட்டைகள்.

பொன்னி வெளியே தள்ளப்பட்டாள். சக்கரம் புல்லைத் தொட்டது. மண் பறந்தது. எப்படியோ நிமிர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

சுகாசினி கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். நிறுத்திவிட்டேன், நிறுத்திவிட்டேன் என்று வாய் முணுமுணுத்தது. அடுத்த சுற்றின் சத்தம் நெருங்கியது. கண்ணைத் திறந்தாள்.

கேமரா கீழே இருந்தும் பொன்னியின் தலை இடது பக்கம் திரும்பியிருந்தது.

அவள் இன்னும் அகலமாக வெளியே வந்தாள். இந்த முறை புல்லில் பாதி சக்கரம் ஓடியது. வெயிலில் விபூதி வாசனை அடித்தது. அவன் போகவில்லை. கூப்பிட்டவளே நிறுத்தச் சொன்னாலும் போகப் போவதில்லை. இன்னொரு சுற்றோ இரண்டு சுற்றோ, அதற்குமேல் பொன்னியால் பிடித்துக்கொள்ள முடியாது. கொடி காட்டுகிறவர்களிடம் ஓடிப்போய் என்ன சொல்வது? யாரைக் காட்டுவது?

அவனுக்கு என்ன வேண்டும் என்று அவளைத் தவிர அந்த மைதானத்தில் யாருக்கும் தெரியாது.

கேமராவைத் தூக்கினாள். முழங்கையை டயரின் மேல் ஊன்றிக்கொண்டாள். சத்தம் வந்தது. பொன்னி வளைவுக்குள் நுழைந்தாள். சுகாசினி லென்ஸை அவளிடமிருந்து விலக்கினாள். முழுதாக விலக்கி, உள்ளோரத்துக்குக் கொண்டுபோனாள்.

“சரி, குமரா. உன்னையேதான் எடுக்கிறேன்” என்றாள்.

அழுத்தினாள்.

கட்டம் கெட்டியாக உட்கார்ந்தது. சிவப்புத் தோள் பொன்னியை விட்டு ஒரு முழம் விலகியது. பொன்னியின் தலை நேரானது. வளைவைச் சுத்தமாக எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த சுற்றிலும் அவனையே எடுத்தாள். அதற்கடுத்த சுற்றிலும். அவன் மட்டும்தான் டிராக்கில் இருப்பதுபோல எடுத்தாள். அவன் சாய்வு ஒவ்வொரு முறையும் ஆழமாயிற்று. அவளுக்குப் பழக்கமான சாய்வு. அவளுக்காக மட்டும் சாய்கிற சாய்வு. கண்ணீர் கண்ணை மறைத்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

கடைசிச் சுற்று. பைக்குகள் கடந்து போயின. தூரத்தில் வெற்றிக் கோட்டில் கூச்சல் எழுந்தது. ஒலிபெருக்கி பொன்னியின் பெயரைச் சொன்னது. வேலியோரம் நின்றவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள்.

வளைவு காலியாயிற்று. ஆனால் கட்டம் போகவில்லை.

வளைவின் நடுவில், தார் ரோட்டின் மேல், நின்றிருந்தது. இப்போது சிவப்பும் இல்லை, சக்கரமும் இல்லை. கட்டம் மட்டும். நிற்கிற மனிதனின் உயரத்துக்கு எழுந்தது.

பெரிதாயிற்று.

புல்லைத் தாண்டியது. சரளைக்கல்லின் மேல் வந்தது. கல் நொறுங்கும் சத்தம் பஞ்சடைத்த காதிலும் கேட்டது. அவள் கேமராவை இறக்கவில்லை. கண்ணை எடுத்தால் அவன் எங்கே போவான் என்று அவளுக்குத் தெரியும். பொன்னி வெற்றிச் சுற்றில் இன்னும் டிராக்கில்தான் இருந்தாள்.

கட்டம் பாதித் திரையை அடைத்தது.

பிறகு முழுத் திரையையும்.

டயர்ச் சுவரின் மேல் யாரோ கை ஊன்றுவதுபோல ஒரு டயர் அமுங்கியது. கேமராவின் மறுபக்கத்தில், லென்ஸில் நெற்றி முட்டுகிற நெருக்கத்தில், யாரோ மூச்சு விட்டார்கள். லென்ஸின் முன்கண்ணாடியில் ஆவி படிந்தது.

சிட்டிபாபு வந்து தோளைத் தொட்டபோதுதான் கேமராவை அவள் கண்ணிலிருந்து எடுக்க முடிந்தது. விரல்கள் பிரியவில்லை. அவர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தார். பொன்னி ஜெயித்துவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு முன்னால் அமுங்கியிருந்த அந்த டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேமராவில் இருந்த படங்கள் எல்லாம் வெறும் ரோடு. அத்தனை துல்லியமாக அவள் தன் வாழ்நாளில் எதையும் எடுத்ததில்லை.

பொன்னியிடம் நடந்ததைச் சொன்னாள். பொன்னி அழவில்லை, பயந்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. சுகாசினியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இனி நீ என் பந்தயத்துக்கு வராதேக்கா என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சுகாசினிக்குப் புரிந்தது.

நீள லென்ஸைப் பாலாஜிக்கே கொடுத்துவிட்டாள். ஊர் ஊராகப் போவது நின்றது. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடைக்கு இணைய விற்பனைக்காகப் புடவைகளைப் படமெடுக்கும் வேலை கிடைத்தது. மேஜையில் விரித்த புடவை, முந்தானை, கரை, புட்டா. மனிதர்கள் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். மாடலுக்குப் பதில் துணி பொம்மைகூட வேண்டாம் என்றாள். கடைக்காரர் விசித்திரமாகப் பார்த்தாலும் ஒப்புக்கொண்டார். சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தாள். பழைய வீடு, சிவப்புச் சிமெண்ட் தரை, கண்ணாடி போல வழவழவென்றிருக்கும். கடைப் படங்களை அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சரிசெய்வாள்.

ஐப்பசியில் பொன்னி கோயம்புத்தூரில் ஓடினாள். சுகாசினி போனில்கூட அதைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே மாகறல் கோயிலுக்குப் போய்விட்டுப் பிற்பகலில்தான் திரும்பினாள். செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது.

பொன்னிதான். சாம்பியன்ஷிப் கிடைத்துவிட்டது என்றாள். பின்னால் மேளச் சத்தம் கேட்டது. சுகாசினி சந்தோஷத்தில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிட்டிபாபு சாப்பிட்டாரா என்று கேட்டாள். பாலாஜி நன்றாக எடுத்தானா என்றும் கேட்டாள். கேட்கும்போது வயிறு எரியவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

போனை வைக்கும் முன் பொன்னி குரலைத் தாழ்த்தினாள்.

“அதுக்கப்பறம் சீசன் முழுக்க அவர் வரவேயில்லக்கா. ஒரு கார்னர்லகூட இல்ல. எங்கயோ நிம்மதியா போயிட்டார் போல.”

“நல்லது பொன்னி” என்றாள் சுகாசினி.

கதவைத் திறந்து உள்ளே போனாள். ஜன்னல் வழியாகச் சாய்வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது. காலையில் துடைத்துவிட்டுப் போன தரை. அதில் ஒரு கோடு இருந்தது.

குனிந்து பார்த்தாள். சிமெண்டில் விழுந்த புதுக் கீறல். கதவோரம் மெல்லியதாக ஆரம்பித்து, நடு அறையில் அகலமாகி, மறுபடி மெலிந்து ஜன்னலோரம் முடிந்தது. அதன் மேல் மஞ்சள் பிளாஸ்டிக் தூள் சிதறியிருந்தது. விரலில் தொட்டாள். சூடாக இருந்தது.

பந்தயக்காரர்கள் சாயும்போது முழங்காலில் கட்டிய பிளாஸ்டிக் வில்லை ரோட்டில் உரசும். அது விடுகிற தடத்தை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். இது அதுதான்.

கோடு நேராகப் போகவில்லை. அறையின் நடுவில் இருந்த அவளுடைய நாற்காலியைச் சுற்றி வளைந்திருந்தது.

தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். தூள் போயிற்று, கீறல் போகவில்லை. அன்று இரவு ஊரிலேயே இருந்த தன் தங்கை வீட்டில் படுத்தாள். மறுநாள் கடைக்குப் போய்விட்டு, இரவோடு இரவாகக் கோவையிலிருந்து திரும்பியிருந்த சிட்டிபாபுவை மத்தியானம் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் அறைக்குள் முதலில் நுழைந்து, தரையைப் பார்த்து, அப்படியே நின்றார்.

“ஒண்ணுன்னுதானேம்மா சொன்ன?”

அவள் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

இரண்டு கோடுகள். புதியது பழையதற்கு உள்பக்கமாக, நாற்காலியை இன்னும் நெருங்கி வளைந்திருந்தது.